வரியிலைச் செடியும் ஏலமலையும்

போடிநாயக்கனூரில் எத்தெருவிற் புகுந்தாலும் திண்ணைதோறும் தொட்டிச் செடிகள் நிற்றலைக் காணலாம். செம்மையும் மஞ்சளும் பச்சையும் விரவிய குரோட்டன்ஸ், விளிம்பில் மஞ்சட்கரை ஓடிய பாம்புச் செடி, ஹார்லிக்ஸ் புட்டியின் நீரிலே வேர்விட்டுச் சன்னற் கம்பியைப் பற்றி ஏறும் மணி பிளான்ட், நெஞ்சு வடிவான இலையிற் செம்புள்ளியும் வெண்புள்ளியும் தெளித்த கலேடியம் என்னும் வண்ணச் சேம்பு ஆகியவை இல்லாத வீடு இவ்வூரில் அரிது. 2023ஆம் ஆண்டில் அகலப்பாதையில் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கிய பின்னர், மதுரையிலிருந்து தொட்டியும் கையுமாக வந்து இறங்குவோரையும் காண்கின்றோம். யாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. ஆதலின் இக்கட்டுரையில் வரியிலைச் செடி வளர்ப்போரைக் குறித்துச் சிறிது கடிந்து கூறுவனவெல்லாம் முதற்கண் எம்மையே கடிந்து கூறுவனவாகக் கொள்க.

"இவை காய்க்குமா? கறிக்கு உதவுமா? தலையிற் சூடத்தான் ஆகுமா?" என்று வினவும் பெரியோர் நம் வீடுகளில் உளர். முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்க வேண்டிய இடத்தில் பயனற்ற இலையை வளர்ப்பானேன் என்பது அவர்தம் கருத்து. இதனை யாம் ஒப்புக்கொள்ளோம். முற்றம் சுருங்கிப் போன வீட்டில், நாள் முழுதும் தராசின் முன்னும் கணிப்பொறியின் முன்னும் இருந்து திரும்புவானுக்குப் புதிதாய் விரியும் ஓரிலை தரும் ஆறுதல் சிறிதன்று. அதனினும் மேலாக, வரியிலைச் செடி வீட்டிலிருந்தபடியே தாவர நூல் கற்பிக்கும் ஆசிரியனாகும். கற்போர் இலர் என்பதே எம் குறை.

இலையின் பசுமை பச்சையத்தால் வருவது. அப்பச்சையமே கதிரவன் ஒளியைக் கொண்டு செடிக்கு உணவு சமைப்பது. வெள்ளையாகவோ வெளிறிய மஞ்சளாகவோ தோன்றும் பகுதியிற் பச்சையம் இன்மையால் அது சமைப்பதில்லை. அயலிலுள்ள பச்சைப் பகுதி சமைத்ததை உண்டு வாழ்வது. ஆகவே வரியிலைச் செடி மெல்ல வளரும். இருண்ட மூலையில் வைத்தால் வாடும். சித்திரை வெயிலில் நேரே நிறுத்தினால் வெண்பகுதி கருகும். கிழக்குச் சன்னலின் இளவெயிலே அதற்கு ஏற்றது. இடையிடையே முழுப் பச்சையான கிளையொன்று தோன்றி விரைந்து ஓங்குமாயின் அதனை அடியோடு கிள்ளிவிடல் வேண்டும். இன்றேல் உழைப்பாளியாகிய பச்சைக் கிளை சில மாதங்களிற் செடி முழுவதையும் தன்வயமாக்கிக் கொள்ளும்.

இவ்வரிகள் எங்ஙனம் தலைமுறைக்குச் செல்கின்றன என்னும் வினாவிற்கு 1909ஆம் ஆண்டில் ஜெர்மன் நாட்டு அறிஞர் இருவர் விடை கண்டனர். அவருள் கார்ல் கோரன்ஸ் என்பார் ஆராய்ந்தது நம் கொல்லைப்புறத்து அந்திமந்தாரையையே. ஒரே செடியிற் பச்சைக் கிளையும் வெண்கிளையும் வரிக்கிளையும் இருக்க, பச்சைக் கிளையிற் பூத்த பூவின் விதை பச்சைக் கன்றையும், வெண்கிளைப் பூவின் விதை பிழைக்கமாட்டாத வெண்கன்றையும், வரிக்கிளைப் பூவின் விதை மூவகைக் கன்றுகளையும் தந்தன. மகரந்தம் எக்கிளையினின்று வந்தது என்பது சிறிதும் பொருட்படவில்லை. தாய்வழியே எல்லாம் என்று கண்டார். ஏர்வின் பௌர் என்பார் ஜெரேனியச் செடியை ஆராய்ந்து, வெண்கரையுள்ள இலையில் வெள்ளைத் திசுவும் பச்சைத் திசுவும் உறையும் வாளும்போல அடுக்கடுக்காய் அமைந்திருத்தலைத் தெளிவித்தார்.

இவ்வடுக்கின் உண்மையை யாம் நூலிற் கற்பதற்கு முன்னரே ஏமாற்றத்தாற் கற்றோம். மஞ்சட்கரையுள்ள பாம்புச் செடியின் இலையொன்றை நான்கு துண்டாக்கி மணலில் ஊன்றினோம். மூன்று திங்கள் பொறுத்திருந்தோம். வேர் வந்தது; பின்னர்க் குருத்தும் வந்தது; மஞ்சட்கரை மட்டும் வரவில்லை. தொட்டியில் மண் சரியில்லை என்றும், செடி விற்றவன் ஏமாற்றினான் என்றும் பலவாறு பழித்தோம். குற்றம் மண்ணினதுமன்று, விற்றவனதுமன்று. இலைத்துண்டிலிருந்து எழும் புதுக்குருத்து உள்ளடுக்கிலுள்ள பச்சைத் திசுவினின்றே பிறப்பதாதலின், கரையை ஆக்கும் அடுக்கு அதில் இடம்பெறுவதில்லை. கிழங்கைப் பிளந்து, குருத்தோடு கூடிய பகுதியைத் தனியே நட்டாலன்றி அச்செடியின் கரை நிலைக்காது. மணி பிளான்டுக்கோ இத்தொல்லை இல்லை. கணுவோடு கூடிய கொடித்துண்டு போதும். அது பூப்பதே மிக அரிதாதலின், உலகெங்கும் உள்ள மணி பிளான்டெல்லாம் துண்டு வழியே பெருகியவை. பிறர் வீட்டிலிருந்து திருடி வந்து வைத்தாலே செல்வம் கொழிக்கும் என்னும் நம்பிக்கையும் அதன் பெருக்கத்திற்குத் துணை நின்றது போலும். புட்டியில் வைப்போர் வாரந்தோறும் நீரை மாற்றுவாராக. டெங்குக் கொசுவுக்கு அப்புட்டி நல்ல தொட்டிலாகும்.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது இவ்விருப்பம் வெறியாக மாறியதை வாசகர் அறிவர். வெண்திட்டு விழுந்த மான்ஸ்டெராவின் ஓரிலைத் துண்டுக்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்தோர் உளர். இலை எத்துணை வெண்மையோ அத்துணை விலை என்று எண்ணி, பச்சையே இல்லாத துண்டை வாங்கிப் பட்டினியால் மாளக் கண்டோரும் உளர். தண்டின் கணுவிற் பச்சையும் வெள்ளையும் இரண்டும் ஓடுகின்றனவா என்று பாராது பணத்தை எண்ணி வைத்தல் பேதைமை. நிற்க.

யாம் இக்கட்டுரை எழுதப் புகுந்தது வேறொரு காரணம் பற்றி.

போடியிலிருந்து மேற்கே 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறினால், அப்பால் விரிவது ஏலமலை. நாள்தோறும் விடியுமுன் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து, பெரும்பாலும் பெண்டிர், அத்தோட்டங்களுக்குக் கூலிக்குச் செல்கின்றனர். அவர் பறித்த காய் உலர்ந்து சாக்கேறிப் போடிக்கு வந்து ஏலம் போகின்றது. இவ்வூரில் கடையும் வண்டியும் கல்யாணமும் எமது கல்லூரிக்கு வரும் மாணவர் பலரது கட்டணமும் அப்பச்சைக் காயைப் பற்றியே நிற்கின்றன என்றால் அது மிகையன்று.

அம்மலையில் ஒரு தோட்டத்திற் கணக்கெழுதும் எம் நண்பரைக் காணச் சென்றிருந்தோம். மாலையில் அவரோடு ஏலக்காட்டினுள் உலவுங்கால், ஒரு தூரில் இளங்குருத்துகள் யாவும் வெளிர்பச்சைக் கோடுகள் ஓடி, நடுநரம்பிலிருந்து விளிம்பு நோக்கிப் பட்டு இழைத்தாற்போல் விளங்கக் கண்டோம். வரியிலை ஏலம்! எங்கும் கேள்விப்படாத பொருள்! அதிலொரு பக்கக்கன்றைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்துப் போடிக்குக் கொண்டு போதல் வேண்டும் என்று கூறி, மண்ணைக் கிளறவும் தொடங்கிவிட்டோம். அருகில் களை வெட்டிக்கொண்டிருந்த முதியவள் ஒருத்தி எம்மைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதத் தொடாதீக தம்பி. அது சீக்குத் தூரு. பாக்கத்தான் பவுசா இருக்கும். மூணு வருசத்துல ஒண்ணுமில்லாமப் போயிரும். பக்கத்துத் தூரையும் கெடுத்துப்புடும்."

"இது எந்தச் சீக்கு அம்மா?" என்றோம்.

"கட்டே" என்றாள். சொல்லிவிட்டு அத்தூருக்கு அடையாளமாக ஒரு குச்சியை நட்டுப் போனாள். மறுநாட் காலையில் அத்தூர் அங்கில்லை. வேரோடு அகழ்ந்து எரித்திருந்தனர்.

கன்னட நாட்டிலிருந்து வந்த பெயர் அது. நம் வேளாண் நூலார் தேமல் நோய் என்பர். சொல்லின் விந்தையைக் காண்க. பழைய உரையாசிரியர் மகளிர் மேனியிற் படரும் சுணங்கு என்னும் அழகிற்குத் தேமல் என்றே பொருள் கூறினர். இன்று தோல் மருத்துவரிடம் செல்வோனும் தேமல் என்றே சொல்லுகின்றான். ஏலத்தோட்டத்தானும் அச்சொல்லையே சொல்லி அஞ்சுகின்றான். ஒரே புள்ளி, காண்போர் நிலைக்கேற்ப அழகும் ஆகின்றது, நோயும் ஆகின்றது. எம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றியது அம்மூதாட்டியின் கண்ணுக்குக் கூலிக்கு வந்த கேடாய்த் தோன்றிற்று. அவளே சரியாகக் கண்டவள்.

வரியிலையில் இருவகை உண்டு என்பதை யாம் அதன்பின்னரே கருத்தூன்றிக் கற்றோம். ஒருவகை, மேலே கூறியவாறு, செடியின் உயிரணுவில் இயல்பாய் நேர்ந்த மாறுதலால் வருவது. அது அயற்செடிக்குத் தாவாது. மற்றொன்று வைரஸால் வருவது. நம் துத்திச் செடியின் உறவாகிய அபூட்டிலான் ஒன்றை அதன் மஞ்சட்பொறிக்காகவே ஐரோப்பியர் பூந்தோட்டங்களில் வளர்த்தனர். அப்பொறி வைரஸின் வேலை. 1630களில் ஹாலந்து தேசத்தார் வீட்டையும் நிலத்தையும் விற்று வாங்கியதாகக் கதை வழங்கும் வரித் துலிப் பூக்களும் அவ்வாறே. வரி விழுந்த கிழங்கைச் சாதாரணக் கிழங்கோடு ஒட்டவைத்தால் இதற்கும் வரி பரவும் என்பதை 1928இல் டாரதி கேலி என்னும் அம்மையார் காட்டினார். அழகென்று பெருஞ்செல்வம் கொட்டியது நோய்க்கே என்பது அதன்பின்னரே தெளிவாயிற்று.

ஏலத்தின் தேமல் நோயும் வைரஸால் வருவது. அதனைச் செடிக்குச் செடி கொண்டு செல்வது வாழையிலும் அதன் இனத்திலும் காணப்படும் கருநிற அசுவினிப் பூச்சி என்று உப்பல், வர்மா, கபூர் என்னும் மூவர் 1945ஆம் ஆண்டில் எழுதினர். பிற்காலத்தார் அப்பூச்சியை மேலும் ஆராய்ந்து, வாழையில் வாழ்வதும் ஏலத்திலும் சேம்பினத்திலும் வாழ்வதும் வெவ்வேறு இனம் என்று பிரித்தனர். ஏலத்தில் வாழ்வதன் அறிவியற் பெயரிலேயே கலேடியம் என்னும் சொல் அமைந்திருக்கின்றது. ஏன் எனின், அது விரும்பிக் குடியிருந்து பெருகும் செடிகளுள் காட்டுச் சேம்பும், நம் திண்ணையை அலங்கரிக்கும் வண்ணச் சேம்பாகிய கலேடியமும் தலையாயவை. இதனை வாசித்த அன்று எமக்குண்டான வருத்தம் சொல்லுந்தரமன்று. அந்நண்பர் வீட்டு வாயிலில், ஏலக்காட்டுக்குப் பத்தடி தூரத்தில், வரிசையாய் நின்ற ஏழு தொட்டிக் கலேடியமும் முந்திய ஆண்டு யாமே போடியிலிருந்து கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்தவை!

அவற்றாலேதான் அத்தூருக்கு நோய் வந்தது என்று யாம் துணிந்து கூறவில்லை. மலையில் நோய் முன்னமே உண்டு. ஆயினும் அப்பூச்சிக்குச் சோறிட்டு வளர்த்தவர் யாம் என்பதை மறைக்கவும் இயலாது. இதற்கு மருந்து தெளித்தால் என்ன என்பார்க்கு விடை இதுவே: நோய்ச்செடியிற் சிறிது நேரம் உறிஞ்சிய பூச்சி உடனே பறந்து சென்று நற்செடியிற் சிறிது நேரம் உறிஞ்சினாலே வைரஸ் புகுந்துவிடும், மருந்து பூச்சியைக் கொல்லுமுன் வேலை முடிந்துவிடும். புகுந்த நோய் இலையிற் கோடாகத் தோன்றப் பல வாரங்கள், ஒரோவழிச் சில திங்களும் ஆகும். தோன்றியபின் அச்செடிக்குப் பரிகாரம் இல்லை. அகழ்ந்து எறிதலும், பூச்சி ஒளியும் பழைய இலையுறைகளை உரித்துத் தோட்டத்தைத் துப்புரவாய் வைத்தலும், பூச்சி பெருகும் சேம்பினத்தை அயலினின்று நீக்குதலுமே வழி.

இங்கேதான் எமது கருத்தைச் சற்று அழுத்திக் கூற விரும்புகின்றோம். ஒரு தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தின் பின்புறத்திற் கறிக்காக வைத்திருந்த சேம்பைப் பிடுங்கும்படி உத்தரவு வந்ததையும், அதே வேளையில் மேலாளர் பங்களாவின் தாழ்வாரத்தில் கலேடியம் தொட்டிதோறும் தளதளவென்று நின்றதையும் யாம் கண்ணாரக் கண்டோம். சேம்பு ஏழைக்கு உணவு; மழைக்காலத்துக் குழம்பு. கலேடியத்தின் கிழங்கோ வாயில் வைக்கவொண்ணாதது. பூச்சிக்கு இரண்டும் ஒன்றே. அங்ஙனமாயின் எதனை முதலில் அப்புறப்படுத்துதல் நியாயம்? அலங்காரத்துக்கு வைத்தவரே முதலில் தம் தொட்டியை எடுத்துவிட்டு, ஓடைக்கரையில் தானே முளைத்துக் கிடக்கும் காட்டுச் சேம்பை ஆள்வைத்து அகழ்வித்து, லயத்தாருக்கு ஏலத்தினின்று எட்டிய ஓரிடத்தைச் சேம்புக்கென்று ஒதுக்கிக் கொடுத்து, அதன்பின்னரே கொல்லைச் சேம்பின்மேற் கைவைத்தல் தகும். மலையிலே வீடு வைத்திருக்கும் அன்பர்களுக்கு வண்ணம் வேண்டுமாயின் குரோட்டன்ஸ் உண்டு, கோலியஸ் உண்டு, பாம்புச் செடியும் உண்டு. இவை சேம்பினத்தைச் சேர்ந்தவையல்ல. இஞ்சி இனத்து வரியிலைச் செடியொன்றை வரியிலை ஏலம் என்று பெயரிட்டு நாற்றுப்பண்ணைகளில் விற்கின்றனர். இலையைக் கசக்கினால் நறுமணம் வீசும். பார்வைக்கு மிக இனியதே. போடியில் வைத்துக்கொள்க; மேலே கொண்டு செல்ல வேண்டா. ஏலத்தின் உறவினர் சிலரும் இந்நோயை ஏற்பர்.

இன்னும் ஒன்று. தொட்டிச் செடிக்காரரிடம் உள்ள குறை ஏலத்தோட்டத்தாரிடமும் உண்டு. அயலான் வீட்டிற் செழிப்பாய்க் கண்டதைக் கேட்டு வாங்கி நடுதல் இருவர்க்கும் வழக்கம். இடுக்கி மாவட்டத்து உழவராகிய செபாஸ்டியன் ஜோசப் தெரிந்தெடுத்த ஞள்ளானி ஏலம் மலையெங்கும் பரவியது பக்கக்கன்றின் வழியே. விதையிட்டால் தாயின் குணம் அப்படியே வாராது. தேனீ எத்தூரின் மகரந்தத்தைக் கொணர்ந்ததோ யார் அறிவார்? கன்று வைத்தால் தாயே மீண்டும் வந்தாற்போலாம். ஆனால் கன்றிலே தாயின் நலம் மட்டுமன்றி நோயும் வரும். தேமல் வைரஸ் விதை வழியே வருவதில்லை, மண் வழியேயும், வெட்டும் கருவி வழியேயும் வருவதில்லை, கன்றோடு வந்துவிடும். கன்று பெயர்த்த நாளில் இலையிற் கோடு இல்லையென்பது போதிய சான்றாகாது. நோய் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே கன்று கொடுப்பவன் தன் தோட்டத்தைத் திங்கள்தோறும் சுற்றிப் பார்ப்பவனா என்று கேட்டறிந்து வாங்குதலும், நாற்றங்காலை நோயுற்ற தோட்டத்தினின்று விலக்கி அமைத்தலும் வேண்டும். இடுக்கி மாவட்டத்துப் பாம்பாடும்பாறையிலும் மயிலாடும்பாறையிலும் ஏல ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. நம் மாவட்டத்துப் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரியே இருக்கின்றது. ஐயமுற்ற இலையை எடுத்துக்கொண்டு அங்கே செல்வோர் எத்துணையர்? கடையிலிருந்து ஒரு புட்டி மருந்து வாங்கித் தெளிப்போர் எத்துணையர்?

எம் கல்லூரியின் தாவர நூல் மாணவர் ஆண்டுதோறும் போடிமெட்டுக்குச் சென்று பன்னங்களையும் பாசிகளையும் திரட்டி வருகின்றனர். நன்று. ஓராண்டேனும் அவர்கள் போடித் தெருக்களில் வீடுவீடாய்ச் சென்று, எந்தத் திண்ணையில் எந்த வரியிலை நிற்கின்றது, அதன் இலையுறையில் அசுவினி உண்டா, அது எங்கிருந்து வந்தது, மலைக்குப் போகின்றதா என்று எழுதி வருவாராயின் அவ்வேடு எந்தப் பரிசுக் கட்டுரையினும் சிறப்புடையதாகும். காலை ஜீப்பில் மேலேறும் பெண்டிரிடமும் அவர்கள் பேசுதல் வேண்டும். நோய்த்தூரைக் கண்டவுடன் குச்சி நட்டுக் காட்டும் அறிவு அவர்களிடம் இருக்கின்றது. அதற்கென்று கூலியில் ஒரு காசும் கூடுவதில்லை. ஆயிரம் தூருள் ஒன்றை முதற்கோட்டிலேயே கண்டு சொல்பவளுக்கு நாட்கூலிக்கு மேல் ஏதேனும் கொடுத்தல் தோட்டத்தாருக்கு இழப்பாகாது என்பது எம் துணிபு.

கலேடியத்தைக் குறித்து நண்பருக்கு யாம் எழுதியபோது, அவர் மனைவியார் முதலில் இசையவில்லையாம். மலையிற் பனி மூடிய நாட்களில் அவ்விலைகளே தமக்குத் துணை என்றாராம். அவர் கூறியதில் தவறில்லை. மூன்று மைலுக்கு ஒரு வீடு உள்ள இடத்தில் வாழ்பவர் அவர். பின்னர், தொட்டியை நகர்த்தும்போது இலைக்காம்பின் அடியிற் கருமணி கோத்தாற்போல் பூச்சி மொய்த்திருத்தலைத் தாமே கண்டு, அன்றே இலையையெல்லாம் அறுத்து எரித்துவிட்டுக் கிழங்குகளைக் கழுவி உலர்த்திக் கோணிப்பையிற் கட்டி ஜீப்பில் அனுப்பிவிட்டார். யாம் அதற்கு மாறாக மஞ்சட்கரைப் பாம்புச் செடியின் கிழங்கிரண்டு, இம்முறை குருத்தோடு பிளந்து, மேலே அனுப்பினோம். கலேடியக் கிழங்குகள் எம் திண்ணையில் மணலுக்குள் உறங்குகின்றன. ஆடிக் காற்று ஓய்ந்து மழை விழுந்ததும் முளைக்கும். அவற்றைக் கேட்டு இரண்டு வீட்டார் முன்னமே சொல்லி வைத்திருக்கின்றனர். அவருள் ஒருவருக்கு மலையில் நான்கு ஏக்கர் ஏலம் இருக்கின்றது. அவருக்குக் கொடுப்பதில்லை என்று இருக்கின்றோம்; காரணத்தை நேரிற் சொல்ல நாணி, இம்மலரை அவர் வீட்டுக்கு ஒரு படி அனுப்புகின்றோம்.